மனக்கணக்கு முத்துக்குமரன்

ஓடைப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி முத்துக்குமரன் வீடு எது என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஊரில் அந்தப் பெயரில் நாலு பேர். மனக்கணக்கு முத்துக்குமரன் என்று கேட்க வேண்டும். கேட்டால், டீக்கடையில் பாதி பஜ்ஜியோடு உட்கார்ந்திருப்பவரே எழுந்து வந்து தெருவைக் காட்டுவார். காட்டிவிட்டு, "எதையாச்சும் பெருக்கச் சொல்லிப் பாருங்க. கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள சொல்லிருவாக" என்பார். அவர் ஒருநாளும் அந்தப் பதிலைச் சரிபார்த்ததில்லை. ஊரில் யாருமே சரிபார்த்ததில்லை. அவ்வளவு வேகமாக வரும் பதிலைச் சந்தேகப்படுவது மரியாதையாக இருக்காது.

கண்ணை மூடுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தலை கொஞ்சம் அண்ணாந்து போகும். வலது கைப் பெருவிரல் மற்ற நான்கு விரல்களையும் ஒரு சுற்றுத் தொட்டு வரும். உதடு அசையும், சத்தம் வராது. பிறகு கண் திறக்கும். விடையை மேலேயிருந்து யாரோ கயிற்றில் கட்டி இறக்கிவிட்டதைப் போல ஒரு சின்னச் சிரிப்பு வரும். பார்க்கிறவர்கள் விடையைக் காதில் வாங்கவே மாட்டார்கள். முகத்தைப் பார்த்தே திருப்தியாகிவிடுவார்கள்.

பெயர் வந்தது ஐந்தாம் வகுப்பில். ஒன்றிய அளவில் நடந்த மனக்கணக்குப் போட்டியில் முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். முப்பத்தைந்து வருடமாக அவருக்குக் காபி அதில்தான். வீட்டுக்கு விருந்தாள் வந்தால் அவர்களுக்குச் சாதாரண டம்ளர், அவருக்குப் பரிசு டம்ளர். காபி ஆறுவதற்குள் போட்டியின் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்.

அவர் மனைவி யுவராணி அக்கா அதே கதையை வேறு மாதிரி சொல்வார். கடைசிச் சுற்றில் எதிரே நின்ற பையன் வேறு யாருமில்லை, யுவராணி அக்காவின் சொந்த அண்ணன் ஒச்சாண்டி. அன்றைக்கு ஒச்சாண்டிக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் பூரி மாதிரி உப்பியிருந்தது.

"எங்கண்ணனுக்கு விடையெல்லாம் தெரியும். வாயத்தான் தெறக்க முடியல. இவுக சொன்னது சரியா தப்பான்னு யாரு பாத்தா? பேசுன ஒரே ஆளு இவுகதான்னு டம்ளரத் தூக்கிக் குடுத்துட்டாக."

"பேசுறதும் ஒரு தெறமைதான்" என்பார் முத்துக்குமரன், காபியை உறிஞ்சிக்கொண்டே.

அவருக்கு ஊருக்கு மேற்கே ஒரு ஏக்கர் விதையில்லாத் திராட்சைப் பந்தல். அடுத்த வேலி எங்கள் தென்னந்தோப்பு. தோப்பிலிருந்து பார்த்தால் அவருடைய மோட்டார் ரூமின் பின்பக்கம் தெரியும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி, பின்பக்கம் பார்த்து வந்தது.

வீட்டில் அவர் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் சங்கிலியம்மாள் கால்குலேட்டரைத் தொடக் கூடாது. குலசாமி பெயரைத் தாங்கிய பிள்ளை குறுக்கு வழியில் போகலாமா? கடையில் விற்கிற கால்குலேட்டரை மட்டுமில்லை, போனில் இருப்பதையும்தான். யுவராணி அக்காவின் போனில் இருந்ததை ஒருநாள் அவரே அழித்துவிட்டார். தன் போனில் இருந்ததை அழிக்க முடியவில்லையாம். கம்பெனிக்காரன் போட்டது, வராது என்று சொல்லிவிட்டார். ஒரே கம்பெனிப் போன் இரண்டு. ஒன்றில் வந்தது, ஒன்றில் வரவில்லை.

நடுவில் மூன்று மாதம் பிள்ளையை அபாகஸ் வகுப்புக்கு அனுப்பினார். அங்கே பிள்ளைகள் காற்றில் விரலை ஆட்டிக் கணக்குப் போடுவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அந்த வித்தை ஊரில் ஒரு ஆளுக்கு மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்திருக்கலாம்.

பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் பரீட்சை தொடங்கும்.

"பதினேழு பதினெட்டு எவ்வளவு, ஆத்தா?"

"ரசம் ஊத்திக்கிறேன்ப்பா."

"ரசம் எங்கயும் போகாது. பதினேழு பதினெட்டு."

பிள்ளை மெதுவாகத்தான் சொல்லும். பதினேழைப் பத்தால் பெருக்கி, எட்டால் பெருக்கி, இரண்டையும் கூட்டி, சோற்றைப் பிசைந்தபடி "முந்நூத்தி ஆறு" என்று வரும்போது ரசம் ஆறியிருக்கும். அவர் அதற்கு முன்பே கண்ணை மூடி, திறந்து, "நான் எப்பவோ சொல்லிட்டேன், மனசுக்குள்ள" என்பார். உண்மைதான். சாயங்காலம் நாலரை மணிக்கு மோட்டார் ரூமுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்று, போனைத் தட்டிப் பார்த்து, அன்றைய ஐந்து கேள்விக்கும் விடையை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போவார். தண்ணீர் பாய்ச்சுகிறவர் கை அடிக்கடி நனையும், மையெல்லாம் அழிந்துவிடும். அப்படிப்பட்ட நாட்களில் பரீட்சை இருக்காது. "இன்னைக்குப் பிள்ளை களைச்சுப் போய் இருக்கு" என்று விட்டுவிடுவார்.

அவர் வீட்டுச் சுவருக்கு அடுத்த பக்கம் ஒச்சாண்டி வீடு. அங்கே சட்டம் நேர்மாறு. பொன்னுக்கு வீங்கி வந்த நாளிலிருந்து ஒச்சாண்டிக்குக் கணக்கு என்றாலே கன்னம் வலிக்கும். அதனால் மகன் தமிழ்மாறனுக்கு மூன்றாம் வகுப்பிலேயே போனைக் கொடுத்துவிட்டார். இப்போது ஒன்பதாம் வகுப்பு. பத்தோடு ஏழைக் கூட்ட வேண்டுமென்றால் முதலில் சார்ஜரைத் தேடுவான். வகுப்பில் ஐந்து பாடத்தின் மதிப்பெண்ணுக்குச் சராசரி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கூட்டியவன் வகுக்க மறந்து, மேற்கொண்டு இரண்டால் பெருக்கவும் செய்துவிட்டு, 'சராசரி மதிப்பெண் 640' என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடும் போட்டுவிட்டான். நூற்றுக்கு அறுநூற்று நாற்பது. ஏன்டா என்று கேட்டதற்கு, "போனு சொல்லுச்சு" என்றான். ஒச்சாண்டி அந்த நோட்டை உறவுக்காரர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டதாகக் கேள்வி.

முத்துக்குமரன் இந்தக் கதையை விடுவாரா? கால்குலேட்டரால் கெட்ட குடும்பத்துக்கு உதாரணம் கேட்டால் சுவரைக் காட்டுவார்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது கணக்கு டீச்சர் ஜெபஷீலா ஒரு தாளை ஆளுக்கொன்று கொடுத்தார். அதில் பெரிதாக ஒன்றுமில்லை. வாய்ப்பாடும் பெருக்கல் வகுத்தலும் பழகுகிற வரைக்கும் கருவி வேண்டாம். பழகிய பிறகு, மழையளவுச் சராசரி மாதிரி நீளமான வேலை வந்தால் வீட்டில் கால்குலேட்டர் கொடுக்கலாம். ஆனால் தட்டுவதற்கு முன்னால், விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று பிள்ளை ஒரு ஓரத்தில் எழுதிவிட வேண்டும். அவ்வளவுதான்.

முத்துக்குமரன் எழுந்தார். "டீச்சர், ஒரு சின்ன விசயம்" என்று ஆரம்பித்து இருபது நிமிடம் பேசினார்.

"பரீட்சை ஹாலுக்குள்ள மெசின விடுவாகளா?"

"விடமாட்டாங்க சார். அது வாஸ்தவம்தான். அதனாலதான் மொதல்ல கையால பழகச் சொல்றோம்."

"நாளைக்கே கரண்ட் இல்ல. அப்ப என்ன செய்யும் பிள்ளை?"

"அது பேட்டரியில ஓடும் சார். வெயில்லயும் ஓடும்."

"சூரியனே இல்லன்னா?"

டீச்சர் கையில் மிச்சமிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார். சூரியனே இல்லாத நாளில் யாருக்கு என்ன கணக்கு மிச்சமிருக்கும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். கூட்டம் அதை டீச்சரின் தோல்வியாக எடுத்துக்கொண்டது. கை தட்டினார்கள். அந்தத் தட்டலின் சூட்டில் முத்துக்குமரன் கடைசியாக ஒன்று சொன்னார்: "எங்க வீட்டுக்குள்ள ஒரு கால்குலேட்டர் வந்துச்சுன்னா, நான் வெளிய போயிருவேன்."

பெண்கள் வரிசையில் யுவராணி அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார், "ஒண்ணு என்ன வெலை வரும்க்கா?"

சங்கிலி, டீச்சரின் தாளை மடித்து நோட்டில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைக்குக் கொடுத்திருந்த வேலை, ஐந்து வருட மழையளவு. மாதத்துக்கு ஒன்றாக அறுபது எண்கள், ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனிச் சராசரி. கையால் கூட்டி, கையால் வகுத்து, தப்பாகி, அழித்து, ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் ஓட்டை விழுந்து, அந்த ஓட்டை வழியே அடுத்த பக்கத்து மழை தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு மாதத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு எண் இருந்தது: இவ்வளவு வரலாம். அந்தப் பழக்கத்தைத் தடுக்கச் சட்டம் இல்லாததால் அது வளர்ந்துவிட்டது.

இனி திராட்சைக்கு வருகிறேன். விதையில்லாத் திராட்சைக்கு ஒரு சங்கடம் உண்டு. விட்டால் காய் சின்னதாகவே நின்றுவிடும். காய் மிளகு அளவு வந்ததும் ஜி.ஏ. என்கிற பவுடரைத் தண்ணீரில் கலந்து, ஒவ்வொரு கொத்தையும் ஜக்கில் முக்கி எடுக்க வேண்டும். நாலைந்து நாள்தான் பருவம். மருந்து குறைந்தால் காய் பெருக்காது. கூடினால் காம்பு தடித்து விறகாகி, காய் உதிரும். உதிர்ந்ததை ஒட்டவைக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமை காலையில் யுவராணி அக்கா வாசலில் வைத்தே சொன்னார். "போன வருசக் காய மழை கொண்டு போயிருச்சு. இந்த வருசமும் போச்சுன்னா பந்தல வெட்டி விட்டுட்டு, ரெண்டு பேரும் ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு ஜீப் ஏற வேண்டியதுதான். மருந்த மட்டும் சரியாக் கலக்குங்க. யாருகிட்டயாச்சும் கேட்டுக்கங்க."

"கேக்குறதா?" என்றார் முத்துக்குமரன்.

பந்தலடியில் எட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். மூத்தவர் மொக்கம்மாள், ஊரில் எந்தப் பந்தலுக்கு முக்க ஆள் வேண்டுமென்றாலும் அவரிடம்தான் சொல்ல வேண்டும். மறுநாளிலிருந்து பத்து நாளைக்கு அவர்கள் வேறு தோட்டங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு விட்டால் ஆள் கிடையாது. பள்ளி விடுமுறை என்பதால் சங்கிலியும் ஜக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது.

சின்னமனூர் மருந்துக்கடை ஸ்டான்லி பத்துப் பாக்கெட் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரு கிராம். "ஒரு ஏக்கர்தானண்ணே, பத்து சரியா இருக்கும்" என்று சொல்லி, ஒரு சீட்டில் 'லிட்டருக்கு 40 மில்லிகிராம்' என்றும் எழுதிக் கொடுத்திருந்தார். கலக்கும் டப்பு இருபத்தைந்து லிட்டர். டப்பு டப்பாகக் கலந்தால்தான் மருந்து புதுசாக இருக்கும் என்பது முத்துக்குமரனின் கொள்கை.

"ஏப்பா முத்துக்குமரா, வெயிலு ஏறுது. ஒரு டப்புக்கு எம்புட்டுன்னு சொல்லு" என்றார் மொக்கம்மாள்.

"இந்தா, மோட்டார ஒரு பார்வ பாத்துட்டு வந்துர்றேன்."

மோட்டாருக்கு அந்த நேரத்தில் கரண்டே கிடையாது. மும்முனை மின்சாரம் பத்து மணிக்கு மேல்தான். ஓடாத மோட்டாரைப் பார்க்கப் போனவர் அதைத் தாண்டிப் பின்பக்கம் போனார். இருபத்தைந்து, பெருக்கல், நாற்பது. வேலிக்கு இந்தப் பக்கம் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு அவர் கட்டைவிரல் அசைந்தது மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்தார். அண்ணாந்தார். விரல் சுற்றியது. கண் திறந்தது.

"ஆயிரம் மில்லிகிராம்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனக்கணக்கை நேரில் பார்த்தவர்கள் பார்க்காதவர்களை முழங்கையால் இடித்தார்கள்.

"சரிப்பா. அப்ப எத்தன பாக்கெட்டு?" என்றார் மொக்கம்மாள்.

இதை முத்துக்குமரன் போனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்குத் தெரிந்திருக்காது. போட்டதைப் பெருக்கும், எதைப் போட வேண்டும் என்று சொல்லாது. மறுபடியும் மோட்டாரைப் பார்க்கப் போகவும் வழியில்லை. முத்துக்குமரனின் உலகம் முழுக்க நூறு நூறாகக் கட்டப்பட்டது. நூறு சென்ட் ஒரு ஏக்கர். நூறு கிலோ ஒரு குவிண்டால். நூறு பைசா ஒரு ரூபாய். மில்லிகிராம் மட்டும் என்ன தனிச் சாதியா?

"ஆயிரத்துக்குப் பத்து. பத்துப் பாக்கெட்டு."

சொன்னதோடு நிற்கவில்லை. பத்துப் பாக்கெட்டையும் கத்தரித்து, ஸ்பிரிட்டில் கரைத்து, முதல் டப்பில் ஊற்றி, குச்சியால் கலக்கினார். பெண்களில் இளையவரான ராஜமணி ஒரு ஜக்கை மொண்டுபோய், கைக்கு எட்டிய முதல் கொத்தை முக்கி எடுத்தும்விட்டார்.

"அப்பா" என்றது சங்கிலி.

"என்னத்தா?"

"ஒரு டப்புக்கு ஒரு பாக்கெட்டு கிட்டத்துலதான் வரும்போலத் தெரியுதுப்பா."

"தெரியுதா? கணக்குல தெரியுதுங்கிற பேச்சே கெடையாது. வரும், இல்லன்னா வராது."

"இல்லப்பா, பத்தையும் தோட்டம் பூராவுக்கும்னுதான ஸ்டான்லி மாமா குடுத்தாக. மொத டப்புலயே எல்லாத்தையும் போட்டுட்டோமே. மிச்ச டப்புக்கு?"

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் நின்றிருப்பார்கள். கேள்வி அவ்வளவு எளிது. டப்பைப் பார்த்தாலே போதும், வெறும் பாக்கெட் உறைகள் பக்கத்தில் காற்றில் புரண்டுகொண்டிருந்தன. ஆனால் தன் விடைக்கும் உலகத்துக்கும் சண்டை வந்தால் முத்துக்குமரன் விடையின் பக்கம்தான் நிற்பார்.

"அதான பாத்தேன்" என்றார். "ஸ்டான்லி கம்மியாக் குடுத்து ஏமாத்திட்டான். இருங்க, எல்லாரும் கேளுங்க." போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். கடைக்காரரின் யோக்கியதை எட்டுப் பேருக்கும் தெரியட்டும் என்று சத்தத்தையும் கூட்டினார்.

"சொல்லுங்கண்ணே" என்றார் ஸ்டான்லி.

"தோட்டத்துக்குப் பத்து டப்பு. இன்னும் தொண்ணூறு பாக்கெட்டு வேணும். இப்பவே குடுத்து விடுங்க."

அந்தப் பக்கம் கடை வாசலில் ஏதோ பஸ் ஹாரன் அடித்துப் போனது.

"தொண்ணூறாண்ணே? திராட்சைய முக்குறீகளா, இல்ல சுருளி அருவியில கலந்து விடப் போறீகளா?"

ராஜமணிக்குச் சிரிப்பு வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"டப்புக்கு எத்தனண்ணே போட்டீக?"

மொக்கம்மாள் போனுக்குக் குனிந்து, "பத்தும் போட்டாச்சுப்பா" என்றார்.

"பத்துமா? பெரியம்மா, அதுல ஒரு கொத்தக்கூட வைக்காதீக. அம்புட்டும் வெறகாயிரும். ஆயிரம் மில்லிதான ஒரு கிராமு? அண்ணே, கால்குலேட்டர்ல ஒரு தடவ போட்டுப் பாத்தீகளா?"

"எனக்கெதுக்கு கால்குலேட்டரு?" என்று சொல்லிப் போனை அணைத்தார் முத்துக்குமரன். அதுவரைக்கும் சொன்ன பொய்களிலேயே அது ஒன்றுதான் அவர் முகத்தில் தெரிந்தது.

ராஜமணி ஜக்கைக் கீழே வைத்தார். பந்தலின் மேலே வெயில் கம்பிக்குக் கம்பி நகர்ந்துகொண்டிருந்தது. சின்னமனூருக்கு ஆள் போய், புது மருந்து வாங்கி வந்து சேர்வதற்குள் உச்சி வெயில் வந்துவிடும்; அதற்கு மேல் முக்கினால் காய் வெந்துவிடும். முத்துக்குமரன் டப்பின் விளிம்பைப் பிடித்தார்.

"கொட்டிருவோம். இன்னைக்குச் சகுனம் சரியில்ல."

"கொட்ட வேணாம்ப்பா" என்றது சங்கிலி. சொல்லிவிட்டு அப்பாவைப் பார்க்காமல் மொக்கம்மாள் பக்கம் திரும்பிக்கொண்டது. அப்பாவிடம் சொன்னால் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. "பெரியம்மா, டப்புக்கு ஒண்ணுன்னா பத்து டப்புக்குப் பத்து. மருந்து பூராத்தையும் போட்டாச்சு. இன்னும் ஒம்பது டப்புத் தண்ணி போடலாமே, அம்புட்டுத்தான? அங்கன மருந்தடிக்கிற கறுப்பு டேங்கு சும்மாத்தான கெடக்கு."

மொக்கம்மாள் டப்பைப் பார்த்தார். டேங்கைப் பார்த்தார். கடைசியாகப் பிள்ளையைப் பார்த்தார். "ஏண்டி, இதுக்கா ஸ்பீக்கரு போட்டு ஊரக் கூட்டுனாக?" என்று சொல்லிச் சேலையை ஏற்றிச் செருகினார்.

டேங்கைக் கழுவினார்கள். முதலில் மருந்து டப்பை நாலு பேர் பிடித்துக் கவிழ்த்தார்கள். மொக்கம்மாள் எண்ணினார். இந்தப் பக்கத்தில் அளக்கும்போது முதலாவதை ஒன்று என்று சொல்வதில்லை.

"லாபம்... ரெண்டு... மூணு..."

தொட்டித் தண்ணீர் டப்பு டப்பாகப் போய் விழுந்தது. முத்துக்குமரன் கொஞ்சம் தள்ளி, பந்தலின் கல்லுக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு, ஏழு என்று வரும்போது பொறுக்கமுடியாமல் கேட்டார், "லாபத்தையும் சேத்துத்தானக்கா எண்ணுற?"

"சேத்துத்தாப்பா. உன் தோட்டத்துல இன்னைக்கு லாபம் அது ஒண்ணுதான்."

பத்தாவது டப்பு விழுந்ததும் அவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் முகம் பழையபடி ஆகியிருந்தது. அந்த விஷயத்தில் அவர் உண்மையிலேயே வேகமானவர்.

"சரியாச் சொன்னா எம்பொண்ணு. சொல்றாளா பாப்போம்னுதான் விட்டுப் பிடிச்சேன். ஒரு சோதனைதான்."

"சோதன நல்லாத்தாப்பா இருந்துச்சு" என்றார் மொக்கம்மாள், ஜக்கை மொண்டுகொண்டே. "எங்க வயித்துலயும் சேத்துப் புளியக் கரைச்சுட்ட. கூலிக்கு மேல போட்டுக் குடு."

பதினொன்றரைக்குக் கடைசி வரிசை முடிந்தது. ஒரு வாரத்தில் காய்கள் பெருக்க ஆரம்பித்தன. பச்சை மணிகள் ஒன்றை ஒன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு கீழே தொங்கின. ராஜமணி முதலில் முக்கிய அந்த ஒற்றைக் கொத்து மட்டும் காம்பு விரல் தடிமனுக்கு முறுக்கிக்கொண்டு, காயெல்லாம் உதிர்ந்து, துடைப்பக்கட்டை மாதிரி நின்றது. பார்க்க வந்தவர்களிடம் அது ஒரு புதுவித வைரஸ் என்றார் முத்துக்குமரன். இரண்டு பேர் தங்கள் தோட்டத்திலும் அதைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கூட்டத்தில் சொன்னபடி அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. செவ்வாய்க்கிழமை சின்னமனூரில் இருந்து, பட்டன் ஒவ்வொன்றும் பிஸ்கட் அளவு இருக்கும் ஒரு கால்குலேட்டரை அவரே வாங்கி வந்தார். மகளை உட்கார வைத்து, புதுச் சட்டத்தை அறிவித்தார். பழகுகிற வரைக்கும் கையால் போட வேண்டும். பழகியதை வைத்துப் பெரிய வேலை செய்யும்போது மெசின் எடுக்கலாம். ஆனால் தட்டுவதற்கு முன்னால் உத்தேசமாக எவ்வளவு வரும் என்று எழுதிவிட வேண்டும்.

"இது அந்த டீச்சர் குடுத்த தாளுலயே இருக்கு" என்றார் யுவராணி அக்கா, கீரை ஆய்ந்துகொண்டே. "நோட்டுல ஒட்டி வச்சிருக்கா. படிச்சுக் காட்டச் சொல்லவா?"

"டீச்சரும் நானும் ஒரே மாதிரி யோசிச்சிருக்கோம். படிச்சவுக அப்பிடித்தான் யோசிப்பாக."

டீக்கடையில் அது அவருடைய கண்டுபிடிப்பாகவே பரவியது. பிள்ளைக்கு எப்போது கால்குலேட்டர் கொடுக்கலாம் என்று இப்போது ஆட்கள் அவரிடம் வந்து கேட்கிறார்கள். ஒச்சாண்டிகூட மனம் மாறி, அதே சட்டத்தைத் தன் வீட்டிலும் போட்டுவிட்டார். தமிழ்மாறன் இப்போதெல்லாம் முதலில் தட்டிப் பார்த்துவிட்டு, வந்த விடையை அப்படியே 'உத்தேசம்' என்று ஓரத்தில் எழுதிக்கொள்கிறான். உத்தேசம் ஒருநாளும் தப்பியதில்லை. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

மீதியை யுவராணி அக்கா வேலியோரம் நின்று எங்கள் அம்மாவிடம் சொன்னார். நான் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கொத்துகளை இன்னொரு தடவை முக்க வேண்டும். அந்த இரண்டாவது முக்குக்கு முந்தின நாள் சாயங்காலம். சங்கிலி மழையளவுச் சராசரியில் அக்டோபர் மாதத்துக்கு வந்திருந்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு, தட்டி, பார்த்து, ஒத்துவராததை மறுபடி தட்டிக்கொண்டிருந்தது. முத்துக்குமரன் சட்டைப் பையில் ஸ்டான்லியின் புதுச் சீட்டோடு இரண்டு தடவை அறைக்குள் வந்து போனார். இந்தத் தடவை லிட்டருக்கு முப்பது மில்லிகிராம்.

மூன்றாவது தடவை உட்கார்ந்தார்.

"ஆத்தா, சும்மா ஒன்னயச் சோதிக்கத்தான். இருபத்தஞ்சு லிட்டருக்கு, லிட்டருக்கு முப்பதுன்னா எம்புட்டு வரும்? தட்டிச் சொல்லு."

சங்கிலி கால்குலேட்டரை எடுத்து மடியில் வைத்து, அதன் மேல் உள்ளங்கையை மூடிக்கொண்டது.

"மொதல்ல உத்தேசம் சொல்லுங்கப்பா."

"சோதிக்கிறது நானு."

"அப்பன்னாலும் உத்தேசம் சொல்லணும்ல. நீங்கதான சட்டம் போட்டீக."

யுவராணி அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு வாசல் நிலையில் வந்து நின்றுகொண்டார். முத்துக்குமரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து போவதற்குப் பக்கத்தில் ஒரு மோட்டாரும் இல்லை. பிறகு, பரீட்சையில் கடைசி வரிசையில் உட்கார்ந்த பையன் மாதிரி, வாய்விட்டுப் போட ஆரம்பித்தார்.

"போன தடவ லிட்டருக்கு நாப்பது. டப்புக்கு ஒரு பாக்கெட்டு. இப்ப முப்பது. அப்ப... ஒரு பாக்கெட்டுக்குக் கம்மியாத்தான் வரும்." நிறுத்தினார். "பாதிக்கு மேல." மறுபடி நிறுத்தினார். "நாப்பதுல பத்துப் போச்சு. நாலுல ஒண்ணு போச்சு. மிச்சம்... முக்காலு. முக்கா கிராமு வரலாம்."

சங்கிலி கையை எடுத்துவிட்டுத் தட்டியது. எழுநூற்று ஐம்பது. திருப்பிக் காட்டியது.

"ஆயிரம் மில்லி ஒரு கிராமு" என்று அவரே சொல்லிக்கொண்டார். "எழுநூத்தம்பதுன்னா முக்காலுதான்."

கால்குலேட்டரை வாங்கி, எண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அழித்துவிட்டு அவரே ஒரு தடவை தட்டினார். அதேதான் வந்தது. சிரித்துவிட்டாராம், சத்தமாக. பிறகு யாரோ பார்த்துவிட்டதைப் போல நிறுத்திக்கொண்டார்.

முப்பத்தைந்து வருடத்தில் அவர் தானாகப் போட்டுச் சரியாக வந்த கணக்கு அநேகமாக அது ஒன்றுதான் இருக்கும். ஊரில் இன்றுவரை யாருக்கும் அவர் அதைச் சொல்லவில்லை. சொன்னால், எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்பார்கள்.